வா மருமகனே, ஊருக்குக் கதவைச் சாத்துவோம்

மனுவை முழுசாப் படிச்சுட்டேன் மருமகனே. நல்லா எழுதிருக்கே. 'பக்கத்து மனையில் ஸ்டில்ட்டுக்கு மேல் நான்கு மாடிகள் எழுப்ப அனுமதிக்கக் கூடாது', 'எங்கள் தெருவின் பாரம்பரியத் தன்மை கெடும்', 'புதிதாக வந்து குவிபவர்களால் தாங்க முடியாத நெருக்கடி'. ஒவ்வொரு வரியும் வைரம். கையெழுத்துப் போட எனக்கு ஒரு தடையும் இல்லை. சின்னக் கூச்சம்தான். புதுசா வந்து குவியிறவன் மேல பிராது கொடுக்குற காயிதத்துல, நேத்து ராத்திரி பஸ் ஏறி இன்னைக்குக் காலையில வந்து இறங்குனவன்கிட்ட கையெழுத்துக் கேக்குறியே, ஆபீசுல வாங்கிப் படிக்கிறவன் சிரிச்சுற மாட்டானா?

மனுவை எடுக்கப் போனப்ப மேசை இழுப்பறையில இன்னொரு காயிதமும் தட்டுப்பட்டுச்சு. அடுத்தவன் காயிதம்னா மூடிருவேன். அதுல உங்கம்மா பேரு, உன் பேரு, பில்டர் பேருன்னு வரிசையா இருந்துச்சா, எங்க அக்கா சொத்தாச்சேன்னு உரிமையோட படிச்சுட்டேன். ஜே.வி.யாம், பில்டரோட கூட்டு ஒப்பந்தம். ஒரு கிரவுண்டு மனை, எட்டு ஃபிளாட், பாதிக்குப் பாதி. கட்டி முடிக்கிற வரைக்கும் வீட்டு வாடகையும் சாமான் மாத்துற செலவும் பில்டர் தலையில. அடேயப்பா! பக்கத்து மனையில எட்டு வீடு வந்தா தெரு கெட்டுப்போகும். உன் மனையில எட்டு வீடு வந்தா அது வளர்ச்சி. இந்த வித்தை எங்களுக்கு வராததுனாலதான் நாங்க இன்னும் கண்மாய்க்கரையில கிடக்கோம்.

குறை சொல்றேன்னு நினைக்காத. ரெண்டு காரியமும் உனக்குக் கைகூடணும். அதுக்குத்தான் மாமன் வந்திருக்கேன். சொல்றதைக் கேளு.

முதல்ல அந்தப் 'பாரம்பரியம்'ங்கிற வார்த்தையை அடிச்சுரு. எவனாவது விவரங்கெட்டவன், எது பாரம்பரியம்னு கேட்டுருவான். காலையில பால் வாங்கப் போனப்ப அப்படியே ஒரு நடை நடந்தேன். உங்க மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு ஒரு ரோடு இருக்கு. நின்னு பாத்தேன். வியூ இருக்கு, லேக்கைத்தான் காணோம். நாங்க கண்மாய்க்காரங்கப்பா. கரை எங்கிட்டு, மடை எங்கிட்டு, கலுங்கு எங்கிட்டுன்னு தேடாம எங்க கண்ணு நிக்காது. விசாரிச்சா, நுங்கம்பாக்கத்துல ஆரம்பிச்சு சைதாப்பேட்டை பக்கம் வரைக்கும் ஒரு ஏரி நீட்டிக் கிடந்ததாம். வெள்ளைக்காரன் அதுக்கு லாங் டேங்க்குன்னே பேர் வச்சிருந்தானாம். 1920-கள்ல, நீதிக்கட்சி ஆட்சியில, ஊரு பெருகுது, மனை பத்தலைன்னு அதை வடிச்சு, பிட்டி தியாகராயர் பேர்ல தி.நகரை உண்டாக்கியிருக்காங்க. நடுவுல பனகல் ராஜா பேர்ல ஒரு பார்க்கு. வடக்கால மிச்சம் கிடந்த ஏரி நிலத்துலதான் வள்ளுவர் கோட்டம் நிக்குது. அதைத் திறந்தது 1976-ல. சுத்தியிருக்கிற வீடுகளுக்கு இன்னைக்கும் லேக் ஏரியான்னுதான் பேரு. அன்னைக்கு அந்த ஏரியில இருந்த நாரைக்கும் கொக்குக்கும் எழுதப் படிக்கத் தெரிஞ்சிருந்தா, நீ எழுதுன இதே மனுவை வரி மாறாமப் போட்டிருக்கும்.

அம்புட்டு தூரம் ஏன் போகணும்? உங்கப்பா இந்த மனையை வாங்கி வானம் தோண்டுனப்ப நான் பக்கத்துல நின்னேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு வந்து எங்கிட்ட அங்கலாய்ச்சாரு. 'முன்னெல்லாம் இந்த இடத்துல மாடு மேயும் சார், காத்து அள்ளிட்டுப் போகும், இப்ப யார் யாரோ வர்றாங்க'ன்னாரு. அந்த யார் யாரோல ஒருத்தர்தான் உங்கப்பா. அந்தப் பெரியவரோட பேரன்தான் இப்ப பக்கத்து மனையை பில்டர்கிட்ட கொடுத்திருக்கான். அவன் அமெரிக்காவுல இருக்கான், காத்து அங்க அள்ளுதாம்.

முதப் பந்தியில உக்காந்து பாயசம் வரைக்கும் வந்தவன், வாசல்ல நிக்கிறவனைப் பாத்து 'இடமில்லைப்பா, மண்டபம் தாங்காது'ன்னு சொல்றது எல்லாக் கல்யாணத்துலயும் நடக்குறதுதான். நீ அதை டைப் அடிச்சு, நம்பர் போட்டுக் கொடுக்குறே. அம்புட்டுத்தான் வித்தியாசம்.

சரி, கதவைச் சாத்திட்டோம்னு வச்சுக்குவோம். வெளிய நிக்கிறவன் திரும்பி ஊருக்குப் போயிருவானா? போகமாட்டான். உங்கப்பாவும் போகலை. வேலை இங்க இருக்கு. அதனால சுவத்தை ஒட்டியே நடந்து நடந்து எங்க கதவு இல்லையோ அங்க போய் உக்காருவான். 2001-க்கும் 2011-க்கும் நடுவுல சென்னை மாவட்டத்து சனத்தொகை 7 சதவீதம்தான் கூடுச்சாம். அதே பத்து வருசத்துல அன்னைய காஞ்சிபுரம் மாவட்டம் 39 சதவீதம் கூடியிருக்கு. நெருக்கடி நெருக்கடின்னு நீங்க உள்ள கத்திக்கிட்டு இருந்தப்ப, கூட்டம் பூராவும் வெளிய போய் ஏரிக்குள்ளயும் வயலுக்குள்ளயும் இறங்கிருச்சு. மாநகராட்சியும் பாத்துச்சு, 2011-ல 174 சதுர கிலோமீட்டரா இருந்த எல்லையை 426-ன்னு ஆக்கிருச்சு. பெருநகர எல்லையோ 1,189. அதையும் 5,904 சதுர கிலோமீட்டரா நீட்ட 2022-ல உத்தரவு போட்டாங்க. அரக்கோணமும் காஞ்சிபுரமும் சென்னைக்குள்ள வந்துருமாம். அப்படியே தெக்காம கொஞ்சம் நீட்டச் சொல்லு. எங்க ஊரும் உள்ள வந்துட்டா நான் பஸ் ஏறவே வேண்டாம், கட்டில்ல படுத்தபடியே சென்னைவாசி ஆயிருவேன்.

பஸ்சுன்னதும் ஞாபகம் வருது. சென்னைன்னு போர்டு போட்டுத்தான் ஏத்துனான். விடியக்காலம் 'சென்னை வந்தாச்சு, இறங்கு'ன்னான். இறங்கிப் பாத்தா கிளாம்பாக்கம். டீக்கடைக்காரன்கிட்ட, தம்பி இது எந்த மாவட்டம்னேன். 'செங்கல்பட்டு'ங்கிறான். நல்ல பஸ் ஸ்டாண்டுதான், குறை சொல்லக் கூடாது, பளபளன்னு கட்டிவச்சிருக்கான். ஆனா ஊர்ல இருந்து செங்கல்பட்டுக்குத் தூங்கிக்கிட்டே வந்தவன், அங்கிருந்து மாம்பலத்துக்குத் தொங்கிக்கிட்டுல வந்தேன்! என் பக்கத்துல ஒரு பொண்ணு. கூடுவாஞ்சேரிக்கு அந்தப் பக்கம் வீடு, தி.நகர்ல துணிக்கடை வேலை. தினமும் இப்படித்தானாம். வீடு ஏன்மா அங்கிட்டுன்னு கேட்டேன். 'இங்கிட்டு வாடகை கொடுத்து முடியுமா தாத்தா'ன்னுச்சு. அந்தப் பொண்ணுக்கு உன் தெருவோட தன்மையை எடுத்துச் சொல்லலாம்னு பாத்தேன். அதுக்குள்ள மாம்பலம் வந்துருச்சு.

இதுல உங்க ஆளுகளோட பெருந்தன்மையையும் சொல்லணும். நெருக்கமா வீடு கட்டவே கூடாதுன்னு நீங்க சொல்லலை. ஏழைக்கு, தூரத்துல, கண்ணுக்குப் படாத இடத்துல எம்புட்டு நெருக்கமா வேணும்னாலும் கட்டலாம். 2000-ல இருந்து துரைப்பாக்கம் பக்கம் கண்ணகி நகர், எழில் நகர்னு இருபதாயிரத்துக்கு மேல வீடுக. அங்கிட்டு செம்மஞ்சேரி. இன்னும் தள்ளிப் பெரும்பாக்கத்துல எட்டு மாடி. கூவம் கரையிலயும் அடையாறு கரையிலயும் ரோட்டோரத்துலயும் இருந்த சனத்தை லாரியில ஏத்திக் கொண்டுபோய் அங்க இறக்குனப்ப, தன்மை கெடுதுன்னு எந்தக் குடியிருப்போர் சங்கமும் மனுப் போட்டதா நான் கேள்விப்படலை. உங்க வீட்டுல பாத்திரம் தேய்க்க வர்ற ஆத்தா கண்ணகி நகர்ல இருந்துதானே வருது? ரெண்டு பஸ் மாறி வந்து, நாலு வீடு பாத்துட்டு, இருட்டுறதுக்குள்ள ரெண்டு பஸ் மாறிப் போகுது. உங்க அடுப்படியில அதுக்கு இடம் இருக்கு. தெருவுலதான் இல்லை.

கோவிக்காத. காபியைக் குடி, ஆறிப்போகுது.

இப்ப அந்த நெருக்கடியைப் பத்திப் பேசுவோம். நீ சொல்றது பொய்யில்லை. தெரு நெருக்கடியாத்தான் இருக்கு. பால் வாங்கப் போனவன் ரெண்டு தடவை கண்ணாடியில இடிச்சுக்கிட்டேன். எந்தக் கண்ணாடி? கார் கண்ணாடி. பத்திரத்துல உங்க தெரு 30 அடி. நான் காலடி வச்சு அளந்தேன், நடக்கக் கிடைக்கிறது 12 அடி. மீதி 18 அடியில ஒரு மனுசன்கூட நிக்கலை, எல்லாம் உறை போட்ட வண்டி. எங்க ஊர்ல மாட்டுக்குக்கூட மழைன்னா சாக்கு போடுறது உண்டு, இல்லைங்கலை. மாடு அதுக்குப் பதிலா ஏர் இழுக்கும். இங்க மூணு வண்டிக்கு டயர்ல காத்தே இல்லை. ஒண்ணு மேல வேப்பஞ்சருகு ஒரு சாண் உசரத்துக்குக் கிடக்கு.

நான் உங்கப்பா காலத்துல வந்து தங்குனப்ப இந்த வீட்டுல எத்தனை தலைன்னு நினைக்கிறே? உங்க அப்பத்தா, உங்க சித்தப்பா ரெண்டு பேரு, நீங்க மூணு பிள்ளைக, காலேஜுல படிக்கன்னு ஊர்ல இருந்து வந்த பயக. பின்கட்டுல ஒரு ஒண்டுக்குடித்தனம் வேற. தெருக்கோடியில ஸ்டோர் வீடு, ஒரே முற்றத்தைச் சுத்திப் பத்துக் குடும்பம், ஒரே குழாயடி. அன்னைக்குத் தெருவுல பிள்ளைக கிரிக்கெட் ஆடுனீங்க, மார்கழியில கோலம் இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவரு வரைக்கும் போகும். இப்ப இந்த வீட்டுல நீ, உன் வீட்டுக்காரி, உங்கம்மா, மூணே தலை. மகன் பெங்களூருல. வாசல்ல ஒரு கார், ரோட்டுல ஒரு கார். சனம் குறைஞ்சுருக்கு மருமகனே, நெருக்கடி கூடிருக்கு. இந்தக் கணக்கு எனக்குப் புரியாம மூணு தெரு சுத்திட்டு வந்தேன்.

ஒரு கார் நிக்க இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர்னு விதி. உருட்டிப் பாத்தா 135 சதுரடி. உன் ரெண்டு காருக்கும் 270. கண்ணகி நகர்ல முதல்ல கட்டுன வீடுகள்ல பலது 200 சதுரடியைத் தொடாது, அதுக்குள்ள ஒரு குடும்பம் பொங்கித் தின்னு பிள்ளை வளர்க்குது. உன் வண்டிக தனித்தனிக் குடித்தனமா வசதியாத்தான் இருக்குதுக. அதனால மனுவுல 'வந்து குவிபவர்கள்'னு மொட்டையா எழுதாத, 'நான்கு சக்கரத்தோடு வந்து குவிபவர்கள்'னு எழுது. உங்க தெருச் சங்கத் தலைவர் கையெழுத்துப் போடுறாரான்னு பாப்போம். அவர் வீட்டுல மூணு நிக்குதுல்ல?

இன்னொண்ணு. மாம்பலத்துல மின்சார ரயில் 1931-ல இருந்து ஓடுது. ஸ்டேஷன்ல இருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கு வெயில் படாம நடக்க, 2023-ல 570 மீட்டருக்கு ஆகாசப் பாலமே போட்டுக் கொடுத்திருக்கான். பனகல் பார்க்குக்கு அடியில மெட்ரோவுக்குக் குழி தோண்டியிருக்கான். இம்புட்டையும் பக்கத்துல வச்சிருக்கிற தெருவுல ஆளைக் குடியேத்தாம, ரயிலு பஸ்சு ஒண்ணும் சரியா இல்லாத இடத்துல ஆளைக் குடியேத்தி, அவன் கார் வாங்கி, அந்தக் காரு உன் தெருவுக்கே திரும்பி வந்து நிக்குது பாரு, இதைத்தான் சுத்தி வளைச்சு மூக்கைத் தொடுறதுன்னு சொல்லுவாங்க.

இனி ரெண்டாவது காயிதத்துக்கு வருவோம். அதுலயும் மாமன் புத்தி வேணும்ல?

பில்டர் தம்பி கெட்டிக்காரன். உன் மனை 2,400 சதுரடி. முன்ன மனைக்கு ஒண்ணரை மடங்குதான் கட்டலாம், 3,600. 2019-ல புது விதி வந்து ரெண்டு மடங்கு ஆயிருச்சு, 4,800. அதுக்கு மேல பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.ன்னு ஒண்ணு. ரோடு அகலத்தைப் பாத்து, 30 அடி ரோட்டுல இன்னும் 30 சதவீதம் வாங்கிக்கலாம், சர்க்காருக்குக் காசு கட்டுனா. ஆகாயத்தை அளந்து விக்கிறாங்க, அதுல நான் தப்புச் சொல்லமாட்டேன். ஆகாயம் சும்மா கிடந்து என்ன பண்ணப்போகுது? அந்தக் காசு உங்க தெருச் சாக்கடைக்கும் தண்ணிக் குழாய்க்கும் திரும்பி வருதான்னு மட்டும் கேளு. எட்டு வீட்டுக் கழிவு போகப்போற குழாய், ஒரு வீட்டுக்குன்னு உங்கப்பா காலத்துல பதிச்சது. மேல அளந்து வித்தவன் கீழ அளந்து பாத்தானா? மனுவுல இதைப்பத்தி ஒரு வரி இல்லை. மாடியை எண்ணுனீங்க, குழாயை எண்ணலை. பின்ன, குழாய் யார் வீட்டு வெளிச்சத்தை மறைக்குது?

எட்டு வீடுன்னு ஏன் சொல்றான் தெரியுமா? ஒன்பது வராதான்னு நானும் யோசிச்சேன். 500 சதுர மீட்டருக்குள்ள மனை, எட்டுக்குள்ள வீடுன்னா, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவுல பதிவே தேவையில்லையாம். உன் ஒரு கிரவுண்டு 223 சதுர மீட்டர்தான். அதனால சொன்ன தேதிக்குக் கட்டலைன்னா நீ போய் நிக்க ஒரு வாசல் குறையுது. ஒப்பந்தத்துல தேதியும், தவறுனா மாசம் இவ்வளவுன்னும் எழுதி வாங்கு. பொதுவா பவர் எழுதிக் கொடுத்துறாத. அவன் பங்கு வீடுகளுக்கு மட்டும், கட்டடம் எழ எழ, படிப்படியாக் கொடு. இது நையாண்டியில்லை, நெசமாவே சொல்றேன்.

பிரிக்கப்படாத பங்குன்னு ஒண்ணு வருது, யு.டி.எஸ்.ங்கிறீங்க. 2,400-ஐ எட்டால வகுத்தா ஆளுக்கு 300 சதுரடி மண்ணு. எங்க இருக்கு என் 300 சதுரடின்னு நீ கேக்கக் கூடாது. மாடிப்படிக்கு அடியில இருக்கலாம், செப்டிக் டேங்குக்கு மேல இருக்கலாம். வரப்பு ஒரு விரற்கடை நகர்ந்தா வெட்டரிவாளைத் தூக்குன பரம்பரையில பிறந்துட்டு, எங்க இருக்குன்னே தெரியாத 300 சதுரடிக்கு வரி கட்டிட்டு நிம்மதியாத் தூங்குறீங்க பாரு, அதுக்கே உங்களுக்கு ஒரு கும்புடு. நாளைக்குக் கட்டடம் பழசாகி இடிச்சுக் கட்டணும்னாலும் முன்ன மாதிரி எட்டுப் பேரும் தலையாட்டணும்னு இல்லை. 2022-ல வந்த புதுச் சட்டத்துல மூணுல ரெண்டு பங்குக்காரங்க சம்மதிச்சாப் போதும்னு ஆக்கியிருக்கு. மாடி வீட்டுக்காரன்கிட்ட இப்ப இருந்தே சிரிச்சுப் பேசிப் பழகிக்க.

இதைவிட ஒரு பெரிய சூட்சுமம் இருக்கு. அது பில்டர் சொல்லமாட்டான், உன் சங்கத்துக்கும் தெரியாது. இந்தத் தெருவுல இருபது மனை. அம்புட்டும் ஒரு கிரவுண்டு. ஒரே ஆளு இருபதையும் மொத்தமா வாங்கிக் கட்டுனா 4,460 சதுர மீட்டர் ஆயிரும். 3,000 சதுர மீட்டரைத் தாண்டிட்டா, பத்துல ஒரு பங்கை ஊருக்குத் திறந்தவெளியா விடு, இல்லாட்டி அதுக்குண்டான பணத்தைக் கட்டுன்னு சட்டம் கழுத்தைப் பிடிக்கும். நீங்க என்ன பண்றீங்க? இருபது பேரும் தனித்தனியா, ஆளுக்கொரு பில்டரைப் பிடிச்சு, ஆளுக்கு எட்டு வீடு கட்டப்போறீங்க. 160 குடும்பம். ஒரு சறுக்கு மரம் வைக்கக்கூட இடம் விடவேண்டாம், ஒரு பைசா கட்டவேண்டாம். சட்டத்துல எந்த ஓட்டையும் போடாமலே முழு ஊரும் அதுக்குள்ள புகுந்துருச்சு. நாலு மனைக்காரங்க சேர்ந்து நாலு கிரவுண்டா ஒரே கட்டடம் போட்டா, நடுவுல முற்றம் விடலாம், சுத்துச் சுவரு ஏழெட்டு மிச்சமாகும், மாமரம் ஒண்ணாவது பிழைக்கும். ஆனா நாலு பேரு சேரணுமே! எதிர்வீட்டுக்காரனோட நீ பேசி எம்புட்டு நாளாச்சு? மனுவுல மட்டும்தானே அவன் கையெழுத்துக்குக் கீழ உன் கையெழுத்து இருக்கு?

கிணத்தைப் பத்திக் கேக்க மறந்துட்டேன். கொல்லைக் கிணத்தை மூடிருவானாமே? பில்டர் வரைபடத்துல அந்த இடத்துல 'டூ வீலர்'னு போட்டிருக்கு. நல்ல யோசனை. 2003-ல வீட்டுக்கு வீடு மழைநீர் சேமிப்புன்னு கட்டாயமாக்குனப்ப, நீங்கள்லாம் குழாய் வச்சு அதைப் பொறுப்பா சாக்கடைப் பக்கம் திருப்பிவிட்டீங்க, நான் பாத்தேன். 2015 டிசம்பர்ல தண்ணி வீட்டுக்குள்ள வந்து கேட்டுச்சு. 2019 கோடையில தண்ணியே இல்லாம, ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல ஏத்திட்டு வந்தாங்க. ரயில்ல வந்த தண்ணியைப் பாக்க ஊர்ச்சனம் கூடுனதை டிவியில பாத்துட்டு எங்க ஊர்ல ஒரு வாரம் சிரிச்சாங்க. 2021 நவம்பர்ல மறுபடியும் தி.நகர்ல முழங்கால் தண்ணி. ஏரி தன் இடம் எங்கன்னு மறக்கலை. கட்டடம் உசரமா இருக்குறதுல ஏரிக்கு ஒண்ணும் வருத்தமில்லை. ரெண்டு மாடி வீட்டுக்காரனும் சுத்தி ஒரு சாண் மண்ணு தெரியாம பேவர் கல்லு பதிச்சுர்றான், அதுலதான் அதுக்குக் கோவம். நாலு மாடி கட்டி, கிணத்தை விட்டுவச்சு, ஓரத்து மண்ணைத் திறந்துவிட்டவன் தண்ணிக்கு நல்லவன்.

ஆகக்கூடி, பக்கத்து மனையில மாடி வரட்டும் மருமகனே. உன் மனையிலயும் வரட்டும். எட்டு வீட்டுல ரெண்டைச் சின்னதாக் கட்டு. கூடுவாஞ்சேரிப் பொண்ணு மாதிரி ஒண்ணு வாடகைக்கு வந்து இருந்துட்டுப் போகட்டும், உங்கம்மாவுக்கும் பேச்சுத்துணை. மனுவையும் கிழிக்கவேண்டாம், திருத்து. பிரீமியம் காசை இந்தத் தெருக் குழாய்க்குச் செலவு பண்ணுன்னு எழுது. நடைபாதையை மீட்டுக் கொடுன்னு எழுது. ரோட்டுல நிக்கிற காருக்கு வாடகை வாங்குன்னும் எழுது. அதை எழுதுனா சங்கத்துல உன்னைச் சேத்துக்கமாட்டாங்கதான். அதுவும் லாபம், சந்தா மிச்சம்.

என் சங்கதி ஒண்ணே ஒண்ணு பாக்கி. வரைபடத்துல எனக்கும் உங்கம்மாவுக்கும்னு நாலாவது மாடியில ஒரு ரூம் காட்டியிருக்கே. சந்தோஷம். முட்டிவலிக்காரன் நாலாவது மாடியில, முட்டியே இல்லாத காரு தரைத்தளத்துல, நிழல்ல. கரண்டு போனா லிஃப்ட் நிக்கும். ஜெனரேட்டர் உண்டாம், அதுக்கு டீசல் யாரு ஊத்துறதுங்கிற சண்டை முடியிற வரைக்கும் நான் மேலயே இருக்கணும். ஸ்டில்ட்டுல பார்க்கிங்கைத் தனியா விலைக்கு விக்கக் கூடாதுன்னு மும்பை வழக்கு ஒண்ணுல சுப்ரீம் கோர்ட்டு 2010-லயே சொல்லிருச்சு. ஆனாலும் உன் பில்டர் விலைப்பட்டியல்ல அதுக்குத் தனியா ஒரு வரி இருக்கு, பாத்தேன். கொடுக்கட்டும், தப்பில்லை. அதுல ஒரு கார் இடத்தை மட்டும் என் பேர்ல எழுதச் சொல்லு. 135 சதுரடி, ஒரு கயித்துக்கட்டிலுக்குத் தாராளம். பக்கத்து வண்டிக்காரன் ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் முன்கூட்டி ஒரு சத்தம் கொடுக்கச் சொல்லு, காலை மடக்கிக்கிறேன்.